தராசின் முள் தெரிய வேண்டும்

(பொல்பிட்டியவில் உயர்தர மாணவர்களும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேச எழுந்ததும் கீழே மின் நிலையத்தின் இரைச்சல் காதில் விழுகிறது. லக்சபானையிலிருந்து மலையைக் குடைந்து வரும் தண்ணீரில் 1969-இலிருந்து அந்த இயந்திரங்கள் சுற்றுகின்றன. இங்கே பிறந்த மின்சாரம் நம் தலைக்கு மேலே கம்பி வழியாகக் கொழும்புக்குப் போனது. எங்கள் தோட்டத்து லயத்துக்கு லைட் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அதுவரை சிமினி விளக்கில்தான் வீட்டுப்பாடம். கொழும்பில் மென்பொருள் கம்பனி வேலையில் எனக்கு இப்போது பதினான்கு வருடம். பல்கலைக்கழக அனுமதியில் நீதி இருக்கிறதா, கம்பனி வேலையில் நீதி இருக்கிறதா என்று இரண்டு கேள்வியைத் தந்து பேசச் சொல்லியிருக்கிறீர்கள். என் மனதில் இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. அந்த இடம் கொழுந்து நிறுக்கும் மடுவம்.

சின்ன வயதில் சாயந்திரம் அம்மாவோடு மடுவத்துக்குப் போவேன். சாக்கின் எடைக்கு ஒரு கழிவு, மழை நாளென்றால் தண்ணீருக்கு இன்னொரு கழிவு. இருபது கிலோ கொண்டுபோனால் புத்தகத்தில் பதினேழு விழும். ஒரு நாள் சம்பளம் ஒரு பேர்; கிலோ குறைந்தால் அரைப்பேர். அம்மாவின் கண் தராசின் முள்ளை விட்டு அசையாது. ஒரு மழை நாளில் தராசை யாரோ உள்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டார்கள். நிறுப்பவருக்கு மட்டும்தான் முள் தெரிந்தது. முதலாவதாக நின்ற பெரியம்மா சாக்கை இறக்கிக் கீழே வைத்தார். “முள்ளு தெரியுற மாதிரி திருப்பி வைங்க, அப்புறம் நிறுங்க” என்றார். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராகச் சாக்கை இறக்கினார்கள். கூச்சல் எழவில்லை. கொட்டும் மழையில் நாற்பது பெண்கள் அப்படியே நின்றார்கள், தராசு திரும்பும் வரை.

கழிவு அன்றைக்கும் வெட்டினார்கள். ஆனால் எவ்வளவு வெட்டினார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. தெரிந்ததால் மறுவாரம் தோட்டத்துச் சங்கத் தலைவரிடம் போய்ப் பேச முடிந்தது. நான் இன்று சொல்ல வந்த விஷயம் இவ்வளவுதான். கண்ணுக்குத் தெரிகிற அநியாயத்தோடு மல்லுக்கு நிற்கலாம். தெரியாத அநியாயம், நம்மிடம்தான் ஏதோ குறை என்று நம்மையே நம்பவைத்துவிடும்.

பல்கலைக்கழகத்தின் தராசிலிருந்து தொடங்குகிறேன். வெட்டுப்புள்ளி வருகிற நாளில் எல்லா வீட்டிலும் பேசுகிற இசட் புள்ளி என்றால் என்ன? தங்கச்சிகள் சிலர் பயத்தோடு கேட்டார்கள். உங்கள் அம்மாவுக்கு அது ஏற்கெனவே தெரியும். கவ்வாத்து வெட்டிக் கொஞ்ச நாளேயான மலையில் பத்துக் கிலோ எடுப்பதும், கொழுந்து பொங்கி நிற்கிற மலையில் பத்துக் கிலோ எடுப்பதும் ஒன்றா? அந்த மலையில் அன்றைக்கு மற்றவர்கள் சராசரியாக எவ்வளவு எடுத்தார்கள், நீ அதற்கு எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று பார்ப்பதுதான் நியாயமான கணக்கு. கஷ்டமான பாடத்தையும் லேசான பாடத்தையும் அந்த மாதிரி ஒப்பிடுவதற்காக 2001-இல் வந்ததுதான் இசட் புள்ளி. 2011 உயர்தரத்தில் பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் புதிய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் ஒரே மலையில் நின்றவர்களாக எண்ணிப் புள்ளி போட்டார்கள். மாணவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். 2012-இல் நீதிமன்றம் அந்தக் கணக்கைத் தள்ளிவிட்டு, திரும்பக் கணக்கிடச் சொன்னது. சூத்திரம் வெளியே தெரிந்திருந்ததால்தான் பிழை பிடிபட்டது.

ஆனால் இசட் புள்ளி பாடத்தை மட்டும்தான் பார்க்கும். அந்தப் பிள்ளை எந்தப் பாடசாலையில் படித்தது, அங்கே இரசாயனவியலுக்கு ஆசிரியர் இருந்தாரா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதற்காகத்தான் மாவட்ட ஒதுக்கீடு. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீத இடம் நாடு தழுவிய திறமை வரிசையில் போகிறது. 55 சதவீதம் மாவட்டங்களுக்கு அவற்றின் மக்கள்தொகையைப் பார்த்துப் பிரிகிறது. மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறித்த 16 மாவட்டங்களுக்கு. நம் நுவரெலியா அந்தப் பதினாறில் ஒன்று. பதுளையும் இரத்தினபுரியும் உண்டு.

இங்கிருந்து ரோட்டோடு கீழே இறங்குங்கள், கித்துல்கல வந்துவிடும். அது கேகாலை மாவட்டம். கேகாலை அந்தப் பதினாறில் இல்லை. எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கம் தோட்டங்களில் இருக்கும் லயம் நம் லயம் மாதிரிதான். அதே பத்தடி, பன்னிரண்டடிக் காம்பரா, அதே அரைப்பேர். அங்கே பிறந்த பிள்ளை கல்வியில் பின்தங்கவில்லை என்று அட்டவணை சொல்கிறது. கண்டி மாவட்டத்துத் தோட்டப் பிள்ளைக்கும் அதே கதிதான். ரப்பரோ தேயிலையோ, அம்மா செய்யும் வேலையை யாரும் பார்ப்பதில்லை, மாவட்ட எல்லைக்கல்லைத்தான் பார்க்கிறார்கள்.

எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் இருக்கிற நமக்காவது அந்த இடங்கள் வந்து சேர்கின்றனவா? கொஞ்சம் பழைய கதையைப் பார்க்க வேண்டும்.

1971-இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. பேராதனை பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழிமூலம் எழுதியவருக்கு 227 புள்ளி போதும், தமிழ் மொழிமூலம் எழுதியவருக்கு 250 வேண்டும் என்றார்கள். அதனால் யாழ்ப்பாணத்து இளைஞர்கள் பட்ட காயமும், அது பிறகு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதும் எல்லோருக்கும் தெரியும். நம்மைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசியதில்லை. யாழ்ப்பாணத்தில் நூறு வருடம் பழமையான கல்லூரிகளில் படித்த பிள்ளையும், ஐந்தாம் வகுப்போடு நின்றுபோகும் தோட்டப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் அந்தக் கணக்கில் ஒரே ‘தமிழ்மொழி மூலம்’. 1974-இல் மாவட்ட முறை வந்தபோது இடங்களை மக்கள்தொகைப்படி பிரித்தார்கள். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக நம்மில் எத்தனையோ பேர் இருந்த காலம் அது. மாவட்டத்தின் தலை எண்ணிக்கையில் நாங்கள் இருந்தோம். பரீட்சை மண்டபத்தில் இல்லை. நம் தலைகளை எண்ணிக் கொடுத்த இடங்களில் வேறு பிள்ளைகள் போய் உட்கார்ந்தார்கள். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களும் ஏழைகள்தான். கோபமெல்லாம், நம்மை எண்ணிக்கைக்கு மட்டும் வைத்துக்கொண்ட கணக்கின் மேல்தான்.

ஐம்பது வருடம் போய்விட்டது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்தது. குடியுரிமையும் வந்தது. ஆனால் கணிதப் பிரிவிலோ விஞ்ஞானப் பிரிவிலோ தமிழில் உயர்தரம் படிக்க இந்தப் பக்கத்துப் பிள்ளை இன்றைக்கும் கினிகத்தேனை தாண்டி ஹட்டனுக்குத்தான் பஸ் ஏற வேண்டும். நானும் அப்படித்தான் போனேன். உறவுக்காரர் வீட்டில் ஒரு மூலையில் தங்கினேன். என் பாடசாலையில் இரசாயனவியல் ஆசிரியர் மாற்றலாகிப் போய் ஏழு மாதம் அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. டியூசனுக்கு வசதி இருந்தவர்கள் தப்பித்தார்கள். எங்கள் அம்மா தீபாவளி முற்பணத்தை எடுத்து எனக்கு டியூசன் காசு கட்டினார். அந்த வருடம் வீட்டில் யாருக்கும் புதுத்துணி இல்லை. என்னோடு ஓ.எல். நன்றாகச் செய்த மூன்று பேர் ஹட்டன் வரை போக முடியாமல் இங்கேயே கலைப்பிரிவில் சேர்ந்தார்கள். கலைப்பிரிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரிகள், அதுதான் வருத்தம்.

ஆக, மாவட்ட ஒதுக்கீடு என்ற கதவு திறந்திருந்தாலும், மாவட்டத்துக்குள்ளே டவுன் பாடசாலைதான் முதலில் நுழைகிறது. தமிழ்நாட்டில் இதே பிரச்சினை வந்தபோது ஒரு வழி கண்டார்கள். நீட் பரீட்சை வந்த பிறகு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குள் போவது விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. 2020-இல் சட்டம் போட்டு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத இடத்தை உள் ஒதுக்கீடாக எடுத்து வைத்தார்கள். எந்தச் சாதி என்ற கணக்குக்குள்ளேயே, எந்தப் பள்ளிக்கூடம் என்று இன்னொரு முறை கேட்டார்கள். நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பது என் துணிந்த அபிப்பிராயம். தோட்டப் பாடசாலையில் படித்து வந்த பிள்ளைக்கு, எந்த மாவட்டமானாலும், ஒரு உள் ஒதுக்கீடு. அது வரும்வரை ஆசிரியரும் ஆய்வுகூடமும் கேட்டு நச்சரித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒதுக்கீடு ஆசிரியருக்குப் பதிலாகாது.

“குறைந்த புள்ளியில் வந்தவர்கள்” என்று ஒரு பேச்சு இருக்கிறது. தம்பி தங்கச்சிகளே, கம்பஸ் போனதும் அதைக் கேட்பீர்கள். முதல் வாரத்தில் என்னிடம் “எந்த மாவட்டம்?” என்று கேட்டார்கள். சொன்னதும் ஒரு “ஆ” வரும். அந்த “ஆ” என்னை ஒரு வருடம் தலைகுனிய வைத்தது. பிறகு ஒன்று புரிந்தது. வெட்டுப்புள்ளி வாசலில்தான். உள்ளே போனபின் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே திருத்துநர். இறுதியாண்டுப் பரீட்சையில் நுவரெலியாவுக்கென்று யாரும் ஒரு புள்ளி கூட்டிப் போடுவதில்லை. கொழும்புப் பிள்ளையின் கையில் இருக்கும் அதே பட்டம்தான் என் கையிலும். தலை குனியாதீர்கள்.

பட்டத்தோடு வேலைக்குப் போனேன். இங்கேதான் தராசு உள்பக்கமாகத் திரும்புகிறது.

முதல் நேர்முகத்தில் ஒருமணி நேரம் கேள்வி கேட்டார்கள். நிரலாக்கம் பற்றிப் பத்து நிமிடம். மீதியெல்லாம் எந்த ஸ்கூல், அப்பா என்ன செய்கிறார், கிரிக்கெட் பார்ப்பீர்களா. பதிலை ஆங்கிலத்தில் யோசித்து யோசித்துச் சொன்னேன். வேலை கிடைக்கவில்லை. என்னோடு படித்து, என்னைவிடக் குறைந்த வகுப்பில் சித்தியடைந்த ஒருவருக்குக் கிடைத்தது. எவ்வளவு வித்தியாசத்தில் தோற்றேன், எதில் தோற்றேன் என்பது எந்தப் பத்திரிகையிலும் வராது. பல்கலைக்கழகம் தன் வெட்டுப்புள்ளியை மாவட்டவாரியாக நாலு தசம தானத்தில் அச்சடித்துத் தருகிறது. கம்பனியின் வெட்டுப்புள்ளி எங்கும் அச்சாவதில்லை. “எங்கள் டீமுக்குப் பொருந்தி வரமாட்டார்” என்று ஒரு வரி எழுதினால் போதும்.

அமெரிக்காவிலும் இப்படி உள்பக்கம் திரும்பிய தராசைப் பார்த்தார்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மேல் 2014-இல் ஒரு வழக்கு. விண்ணப்பதாரரின் குணநலனுக்கு என்று ஒரு புள்ளி போட்டிருக்கிறார்கள், அதில் ஆசிய வம்சாவளிப் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து குறைந்திருக்கிறது. பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்குத் தனிச் சலுகையும் இருந்தது. வழக்கு வந்து கோப்புகள் திறக்கப்பட்டதால்தான் விவரமாக வெளியே வந்தது. 2023 ஜூனில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் இனத்தைப் பார்த்து இடம் கொடுப்பதைத் தடுத்தது. பழைய மாணவர் பிள்ளைகளின் சலுகையை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. பின்தங்கியவனுக்குக் கொடுத்த சலுகை எல்லோர் கண்ணிலும் படுகிறது. பணக்காரனுக்குக் கொடுத்தது தகுதி என்ற பெயரில் ஒளிந்துகொள்கிறது.

வேலை கிடைத்த பிறகு? நேரம்தான் முதல் பிரச்சினை. நியூயோர்க்கில் காலை பதினொரு மணிக்குக் கூட்டமென்றால் நமக்கு இரவு எட்டரை, ஒன்பதரை. கொழும்பு ஆட்கள் காலை ஒன்பதுக்கும் வரச் சொல்வார்கள். கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954-இல் வந்தது. நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 45 மணி என்கிறது. ஆனால் ‘எக்ஸிகியூட்டிவ்’ என்று பதவிப் பெயர் ஒட்டியதும் அந்த மணிக்கணக்கை யாரும் எழுதுவதில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து நான் லயத்துக்குத் திரும்பினேன். வீட்டுக்குள் சிக்னல் இல்லை. மாவு மூட்டையின் மேல் பலகை போட்டு, லெப்டொப்பை வைத்து, கோயில் மேட்டில் உட்கார்ந்து வேலை செய்தேன். ஒருநாள் இரவு பதினொன்றரை. வாடிக்கையாளரின் தளம் விழுந்துவிட்டது, நான்தான் அந்த வாரம் பொறுப்பு. அம்மா டோர்ச் லைட்டோடும் தேத்தண்ணியோடும் மேடேறி வந்தார். அடுத்த நாள் விடிய, வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போக வேண்டிய மனுசி, பக்கத்திலேயே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். “காலையில எட்டு மணிக்கு ஒக்காந்த, இன்னும் எந்திரிக்கல. இதுக்கு எத்தன பேர் போடுவாங்க புள்ள?” என்று கேட்டார். ஒன்றுதான் அம்மா என்றேன். “அப்ப யாரு நிறுக்கிறா?” என்றார்.

அந்தக் கேள்வி இன்னும் என்னோடு இருக்கிறது. வருடக் கடைசியில் எனக்குப் போடும் தரத்தை யார் நிறுக்கிறார்கள், எந்த முள்ளைப் பார்த்து? பத்துப் பேர் உள்ள டீமில் இத்தனை பேருக்குத்தான் நல்ல தரம் என்று முன்கூட்டியே எண்ணிக்கை வைத்துவிட்டுப் பிறகு ஆட்களை அதில் அடைக்கிறார்கள். பக்கத்து மேசைக்காரரின் சம்பளத்தைக் கேட்பது தவறு என்று பழக்கிவைத்திருக்கிறார்கள். 2022-இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360-ஐத் தொட்டபோது சிலருக்குச் சம்பளத்தை டொலரோடு கட்டிக் கொடுத்தார்கள், சிலருக்கு இல்லை. யாருக்கு ஏன் என்று கேட்க ஒரு சங்கம் இல்லை. மாதச் சம்பளத்தில் எனக்கும் எங்கள் அம்மாவுக்கும் ஊழியர் சேமலாப நிதிக்குப் பிடிப்பது அதே 8 சதவீதம், கம்பனி போடுவது அதே 12. தொழிலாளி என்ற கணக்கில் நாங்கள் ஒரே வரிசை. ஆனால் அம்மாவின் பக்கத்தில் கூட்டமாய் நின்று கேட்ட வரலாறு இருக்கிறது. 1940-இல் முல்லோயாவில் சம்பளம் கூட்டிக் கேட்ட போராட்டத்தில் கோவிந்தன் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அந்த உரிமைகளின் மேல் நின்றுகொண்டுதான் மழையில் நாற்பது பெண்கள் தராசைத் திருப்பச் சொன்னார்கள். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு அந்தத் துணிச்சல் இன்னும் வரவில்லை. இதைச் சொல்ல எனக்கு வேதனையாகத்தான் இருக்கிறது.

இப்போது ஆள் எடுக்கும் மேசையின் அந்தப் பக்கம் நானும் உட்காருகிறேன். மூன்று காரியம் பிடிவாதமாகச் செய்கிறேன். எந்தப் பாடசாலை என்று கேட்பதில்லை, மற்றவர்களையும் கேட்கவிடுவதில்லை. முதலில் எழுத்தில் ஒரு வேலையைக் கொடுத்து, பெயரை மறைத்துத் திருத்துகிறோம். கிடைக்காதவருக்கு எதில் எத்தனை புள்ளி என்று எழுதி அனுப்புகிறோம். அதற்கு மேலதிகமாக ஒரு மணி நேரம்தான் ஆகிறது. செய்ய முடியாத காரியம் அல்ல.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வெட்டுப்புள்ளி அட்டவணையில் நுவரெலியா என்று ஒரு வரி வரும். அந்த வரிக்குள்ளே லயத்துப் பிள்ளைகள் எத்தனை என்று அதில் இருக்காது. அந்தக் கணக்கை நாம்தான் எடுக்க வேண்டும். தோட்டத்தில் பேர் பதியும் செக்ரோல் மாதிரிக் கோடு போட்ட ஒரு கொப்பி கொண்டுவந்திருக்கிறேன். எந்தத் தோட்டம், எந்தப் பாடசாலை, எந்தப் பிரிவு, எந்தப் பாடத்துக்கு எத்தனை மாதம் ஆசிரியர் இல்லை, பல்கலைக்கழகம் கிடைத்ததா, இப்போது எங்கே வேலை என்று பக்கங்களைப் பிரித்திருக்கிறேன். முதல் வரியில் என் பெயரும், இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லாத ஏழு மாதமும் எழுதியிருக்கிறேன். இரண்டாவது வரியில், ஹட்டனுக்குப் போக முடியாமல் நின்ற என் மூன்று தோழிகளைச் சேர்த்திருக்கிறேன்.

கொப்பி வாசலில் மேசை மேல் இருக்கிறது. இது நிரம்பியதும் பிரதி எடுத்துப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் கல்வி அமைச்சுக்கும் நான் கையோடு கொண்டுபோய்க் கொடுப்பேன். போகும்போது உங்கள் வீட்டுப் பிள்ளையின் பெயரைப் போட்டுவிட்டுப் போங்கள்.